தட்டில் வந்த வளையம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. நீங்கள் எழுதிக்கொள்வதற்குத் தோதாக மெதுவாகவே சொல்கிறேன். நான் ஓடி ஒளிகிற ஆள் இல்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் செம்பருத்திப் பூச்சாறு கிருமியைக் கொல்லுமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. தட்டில் கிருமியைப் பூசி, சாற்றில் நனைத்த காகிதப் பொட்டை நடுவில் வைக்க வேண்டும். மறுநாள் பொட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் வளையம் தெரிந்தால் சாறு வேலை செய்கிறது என்று அர்த்தம். பேராசிரியர் காலையில் பையைக்கூட இறக்கி வைக்காமல் "வளையம் வந்துச்சா?" என்பார். அவருக்கு வளையல்காரர் என்று பேர் வைத்திருந்தோம்.

வைரஸ் சோதனை வேறு மாதிரி. உயிருள்ள செல்களில் வைரஸை விட்டு, சாறு அவற்றைக் காப்பாற்றுகிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தாள். அவளிடம்தான் என் மகளை விட்டுவிட்டு வருவேன். காய்ச்சல் கொதிக்கிறது, உடனே வா என்றாள்.

"சார், பாப்பாவுக்கு முடியல" என்றேன்.

"ரிசல்ட் வரட்டும்மா, அப்புறம் போயேன்" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். என் குழந்தை போய்விட்டிருந்தாள்.

வயிறு எரிந்தது. வயிறெரிந்தவள் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நான் வேலைக்குப் போய்க் கண்ணாடிக் குழாய்களைக் கழுவினேன். கழுவிக்கொண்டே காத்திருந்தேன்.

பேராசிரியருக்கும் ஒரே மகள். கல்லூரியில் படித்தாள். இரும்புக் கேட் காலில் கிழித்துச் சீழ் வைத்துவிட்டது. சொந்தப் பெண்ணைப் பூவாலேயே குணமாக்கிக் காட்ட அவருக்கு ஆசை. சீழைப் பஞ்சில் தொட்டு என்னிடமே கொண்டுவந்தார்.

"இதுல போட்டுப் பாரும்மா. வளையம் வரலேன்னா அடுத்த நிமிஷம் ஆஸ்பத்திரிதான்."

இரண்டு தட்டு போட்டேன். ஒன்றில் பூச்சாறு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றில் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மருந்து. காலையில் பூத்தட்டில் ஒன்றுமே இல்லை. மருந்துத் தட்டில் பளிச்சென்று வளையம். அந்தப் பெண் எந்த மருந்தில் பிழைப்பாள் என்று அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் வருவதற்குள் இரண்டு தட்டின் சீட்டையும் மாற்றி ஒட்டினேன்.

மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊசி மாத்திரை எதுவும் வேண்டாமென்று வீட்டில் காயத்தின்மேல் பூச்சாற்றையே ஊற்றினார்.

நலம் விசாரிக்கப் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஆரஞ்சு வாங்கிப் போனேன். காயத்திலிருந்து சிவப்புக் கோடு முழங்காலைத் தாண்டியிருந்தது.

"ரொம்பக் குளிருதுக்கா. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னா அப்பா கேக்கவே மாட்டேங்கிறார். நீங்க சொல்லுங்களேன்."

போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டேன். வாசல்வரை வந்த அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"கூட்டிட்டுப் போயிடட்டுமாம்மா?"

"அதான் ரிசல்ட் வந்திடுச்சே சார்" என்றேன்.

அவள் செத்துப்போனாள். நான்தான் கொன்றேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவள்மேல் எனக்குத் துளிக் கோபமும் இல்லை. வாசலில் ஆட்கள் கூடியிருக்க, அவர் உள்ளே போக வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

அவர் உங்களிடம் இன்னொன்றும் சொல்லியிருப்பார். அது பொய்யில்லை. என் பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று போன் வந்த அன்றைக்குச் சற்று நேரத்திலேயே திரும்பி வந்து, "நீ கிளம்பும்மா, நான் பாத்துக்கறேன்" என்று என் கைப்பையை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். ஆனால் செல்கள் சாகாமல் நின்றது அப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தேன். முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ரிசல்ட்டைப் பார்த்தே தீர வேண்டும் என்கிற அந்த ஆசையை எனக்கு மூட்டிவிட்டவர் அவர்தானே.