மாதேஸ்வரி அக்காவின் சனிக்கிழமை

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் திம்மப்பன் ஐயா அவர்களே, எனக்கு முன் பேசி அமர்ந்திருக்கும் மூட்டுவாத மருத்துவர் டாக்டர் ஆனந்தராஜ் அவர்களே, எங்கள் தொழிற்சாலையின் மனிதவள அதிகாரி மோகன்குமார் சார் அவர்களே, மாதேஸ்வரி அக்காவின் கணவர் கிருஷ்ணப்பன் அண்ணா அவர்களே, முதல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல் யூனிபார்முடனே வந்திருக்கும் அக்காக்களே, உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

என் பெயர் பிரியதர்ஷினி. டைம் ஆபீஸில் வேலை செய்கிறேன். யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்கு எந்த நாள் வார விடுமுறை என்ற பட்டியலைத் தட்டச்சு செய்வது என் வேலை. மேடையில் பேசிப் பழக்கமில்லாததால் எழுதி வந்திருக்கிறேன். ஆனால் எழுதி வந்ததை இப்போது கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது. டாக்டர் பேசும்போது, "நானும் மாதேஸ்வரியும் சேர்ந்து எடுத்த முடிவு அது. நல்ல முடிவு. அதை அவர் ஏன் கைவிட்டார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை" என்றார்.

எனக்குப் புரியும் சார். அதைச் சொல்லத்தான் எழுந்து வந்தேன்.

ஒன்பதாம் லைனின் மூத்த ஆபரேட்டர் மாதேஸ்வரி. வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் ஓசூருக்கு வந்தவர். ஒயர்களின் நுனியில் கனெக்டரைப் பொருத்திக் கட்டைவிரலால் அழுத்துவார். 'டிக்' என்று சத்தம் வந்தால் சரி. ஒரு ஷிப்டில் அந்தச் சத்தம் எத்தனை ஆயிரம் முறை கேட்டிருக்கும்? அந்தக் கட்டைவிரல்தான் ஆறு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் மடங்க மறுத்தது. பிறகு மணிக்கட்டு, பிறகு முட்டி.

டாக்டரிடம் போகும்போது என்னை அழைத்துப் போனார். "நீ படிச்ச பொண்ணு, அவரு இங்கிலீஷ்ல எதனா சொன்னா எனக்குச் சொல்லு கண்ணு" என்றார். டாக்டரோ தமிழில்தான் பேசினார். இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக விளக்கி, எதில் என்ன நன்மை, எதில் என்ன தொந்தரவு என்று சொன்னார். கடைசியில், "உங்களுக்கு எது சரிப்படும்?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "மாத்திரையே கொடுங்க சார்" என்றேன். "நான் கேட்டது அவங்களைம்மா" என்றார். அந்த வெட்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

அக்கா சொன்னார், "நீங்களே பாத்து எழுதுங்க சார்."

டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். "மாத்திரை சாப்பிடப் போறது நீங்களா, நானா?"

"அப்ப வலியில பாதி நீங்க வாங்கிக்குவீங்களா சார்?"

நர்ஸ் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டோம். அதற்குப் பிறகுதான் அக்கா பேசத் தொடங்கினார். "காலையில கை மடங்கணும். கனெக்டர் லாக் ஆவணும். எனக்கு அது போதும். மறுநா வாந்தி வரும்னு சொன்னீங்களே, அதான் யோசனையா கீது. லைன்ல நின்னுக்கினு வாந்தி எடுக்க முடியுமா?"

வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மாத்திரை அது. எந்த நாள் என்று அக்காவே முடிவு செய்தார். "சனிவாரம் ராத்திரி. ஆதிவாரம் எனக்கு லீவு. பாடுபடுறத வூட்டுலயே பட்டுக்கிறேன்." டாக்டர் அதை அப்படியே சீட்டில் எழுதினார்.

ஐந்து வருடம் அந்தச் சனிக்கிழமை அவரைக் காப்பாற்றியது. விரல்கள் மடங்கின. மகள் ரேவதிக்குத் தலை பின்னிவிட்டார். லைனில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்தார். மெதுவாக அழுத்துகிறவர்களைப் பார்த்து, "ஏம்மா, கனெக்டருக்கு வலிக்கும்னு பாக்குறியா?" என்பார். அப்படிக் கேட்டவருடைய கைக்கு எவ்வளவு வலித்தது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆறு மாதங்களுக்கு முன் புதிய ஆர்டர் வந்தது. லைன் ஏழு நாளும் ஓட வேண்டும் என்றார்கள். ஞாயிறு விடுமுறை போய்ச் சுழற்சி விடுமுறை வந்தது. ஒரு மாதம் செவ்வாய், அடுத்த மாதம் வியாழன். அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நான்.

அக்கா டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். "எனக்கு மட்டும் ஆதிவாரத்த மாத்தாத கண்ணு." மேலே கேட்டேன். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள், உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் கடிதம் கொண்டுவரட்டும் என்று பதில் வந்தது. அதை அக்காவிடம் சொன்னேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "சீக்குன்னு பேப்பர்ல எழுதிக் குடுத்தா, அடுத்த கான்ட்ராக்ட் ரினியூவல்ல எம்பேரு இருக்குமா?"

மோகன்குமார் சார், உங்களைக் குற்றம் சாட்ட நான் வரவில்லை. நானும் அந்த ஜன்னலுக்கு உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அன்று அவர் கேட்ட கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

மாத்திரை சாப்பிடும் கிழமையை மாற்றலாமா என்று டாக்டரைக் கேட்டிருக்கலாம். டாக்டர் பார்ப்பது புதன்கிழமை மட்டும். அந்த மாதங்களில் புதன் அக்காவுக்கு ஷிப்ட். ஒரு ஞாயிறு லைனிலேயே வாந்தி எடுத்தார், சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பினார். அதன் பிறகு அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். முதலில் ஒன்று, பிறகு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு, வெறும் வயிற்றில். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயது.

டாக்டர், உங்கள் அறையில் நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு தொழிலாளியைக் கேட்டீர்கள். அவரை அப்படிக் கேட்டவர்கள் அவர் வாழ்நாளில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் நீங்கள் இருவரும் எடுத்த முடிவில் மூன்றாவதாக ஒன்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அந்த ஷிப்ட் பட்டியல் அன்று உங்கள் அறையில் இல்லை. இருந்தது நான். நானும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாதப் பட்டியலைப் போன மாதம் இருபத்தைந்தாம் தேதி ஒட்டினோம். அக்கா இறந்தது இருபத்தேழாம் தேதி. அந்தப் பட்டியல் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. அதில் மாதேஸ்வரி என்ற பெயருக்கு நேராக வார விடுமுறை ஞாயிறு என்று இருக்கிறது. யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல அது. சுழற்சியில் அவருடைய முறை அப்போதுதான் வந்தது. அவர் அதைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று இந்த இடத்தில் உறுதி சொல்ல வேண்டும். பெரிய உறுதி சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, நம்பிக்கையும் இல்லை. நான் செய்யக்கூடியது ஒன்றுதான். அடுத்த மாதப் பட்டியலில் 'வேண்டிய நாள்' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். காரணம் எழுத வேண்டாம், நோயின் பெயர் வேண்டாம், நாள் மட்டும் போதும். நேற்று மேலே அனுப்பினேன். திரும்பி வந்தபோது அந்தக் கட்டம் இல்லை. மறுபடியும் சேர்ப்பேன். மறுபடியும் எடுத்துவிடுவார்கள் என்று தெரிந்துதான் சேர்ப்பேன். ஒருநாள் அந்த ஜன்னலுக்குள் நானும் இல்லாமல் போகலாம்.

அக்காக்களே, இந்த வாரம் உங்களில் ஏழு பேரிடம் எந்த நாள் வேண்டும் என்று கேட்டேன். ஏழு பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னீர்கள். "நீயே பாத்துப் போடு கண்ணு."

போட மாட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நீங்கள் சொல்லுங்கள்.