ஒரே தாளில் விழாத இரண்டு கையெழுத்துகள்

சரித்திரச் செம்மலே! சமஸ்தானத்துக் காலத்தில் சாக்பீஸ் பிடித்துச் சர்க்கார் காலத்தில் அதைக் கீழே வைக்கும் சான்றோரே! கொடும்பாளூர்க் கல்வெட்டைக் கண்ணால் பாதியும் விரலால் மீதியும் படித்துக் காட்டிய பேராசானே! ஆண்டிச்சாமி அவர்களே! வணக்கம்.

எங்கள் துணிவு இந்த விளிப்போடு தீர்ந்தது. இதற்குமேல் அவர் முகம் பார்த்துப் பேசும் யோக்கியதை எங்களுக்கு இல்லை. ஆகவே இந்தப் பிரிவுபசார மடல் அவரைப் பற்றிச் சபைக்குச் சொல்லும். மடல் எழுத வேண்டியவர் தமிழாசிரியர் பெரியண்ணன். தலைமையாசிரியர் தங்கமுத்துவும் கையெழுத்திடும் தாளைத் தொடமாட்டேன் என்று அவர் ஒதுங்கியதால், வேலை டிரில் மாஸ்டர் நாகராசுவின் தலையில் விழுந்தது. ஆண்டிச்சாமி போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "பொய் எழுதுனீங்கன்னா மாலையும் வேணாம், மடலும் வேணாம்."

நாற்பத்தெட்டில் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. எங்கள் ஆசிரியர் அறை மட்டும் இணையவில்லை. சமஸ்தானத்து ஆட்களுக்குத் தங்கமுத்து தலைவர். திருச்சி ஜில்லாவிலிருந்து வந்தவர்களுக்குப் பெரியண்ணன். யார் சீனியர் என்ற சண்டையில் தண்ணீர்ப் பானையே இரண்டாயிற்று. இரண்டிலும் மொண்டு குடித்த ஒரே மனிதர் ஆண்டிச்சாமி. "தாகத்துக்கு ஏதுங்க சீனியாரிட்டி?" என்று சிரிப்பார்.

அறுபத்திரண்டு ஐப்பசியில் சீனப் படை எல்லை தாண்டியது. செய்தி வந்த மறுநாள் வகுப்பில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் வரைந்து, இரண்டையும் சுற்றி ஒரே கோடு போட்டார் அவர். "வரப்புக்கு அடிச்சுக்கிற பங்காளிகதான். ஆனா கம்மாக்கரை ஒடைஞ்சா ரெண்டு பேரும் மம்பட்டியத் தூக்கிட்டு வந்துதானே ஆகணும்? அதுக்குப் பேருதான் கூட்டுப் பாதுகாப்பு. ஒண்ணு மட்டும் மறந்துறாதீக. கரைய அடைச்ச மறுநாளே பழையபடி வரப்புக்கு வந்துருவாக. அந்த மறுநாளைக்குத்தான் மூளை வேணும்."

பலகையை உடனே அழிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. பாடம் இரண்டு நாளாவது பிள்ளைகள் கண்ணில் கிடக்க வேண்டும் என்பார். அடுத்த நாள் ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்று தெரிந்தும் அழிக்கவில்லை. வந்த ஆய்வாளர் படத்தைப் பார்த்து, "இது எந்த நாடு?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

அவ்வளவுதான்! போலீஸ் வரும், பள்ளியை மூடுவார்கள், எல்லோர் வேலையும் போகும் என்று ஆளாளுக்குப் புலம்பினோம். ஒரு மணி நேரத்துக்குள், பதினான்கு வருடம் பேசாத தங்கமுத்துவும் பெரியண்ணனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"இவரை விட்டுக்குடுத்தாத்தாங்க நாம பொழைப்போம்."

"ஆமாங்க. வாசகத்த நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

எதிரி நாட்டை நம் நாட்டோடு சேர்த்து வரைந்தார் என்று புகார் எழுதி, இருவரும் ஒரே தாளில் கையெழுத்திட்டார்கள். சுற்றி நின்ற பதினேழு பேரும் தலையாட்டினோம். அன்று அத்தனை பேரும் ஒரே பானையில் தண்ணீர் குடித்தோம். ஆண்டிச்சாமி வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

ஆவுடையார்கோவில் பக்கம் அவருக்கு வரவிருந்த தலைமையாசிரியர் பதவி நின்றது. 'தேசப்பற்றில் ஐயம்' என்று பணிப் பதிவேட்டில் ஏறியது. புகார் கொடுத்த இருவரும் ஒரே தாளில் மறுத்து எழுதினால் அதை அடித்துவிடலாம் என்று மேலிடம் சொன்னது. ஆனால் தை பிறப்பதற்குள் எங்கள் பயம் தெளிந்தது; பானையும் பழையபடி இரண்டானது.

நாலு வருடம் மறுப்பு எழுதிய அந்த ஒரு தாளோடு இரண்டு மேசைக்கும் நடந்தார் ஆண்டிச்சாமி, பாவி மனிதர்! "அவரு மொதல்ல போடட்டும்" என்றார் ஒருவர். "அந்தாளு பேருக்குக் கீழ எம் பேரா?" என்றார் மற்றவர். அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு சண்டை வந்ததும், "இப்பப் போயி இதையா கெளறுறது?" என்று இருவரும் தனித்தனியே, ஆனால் ஒரே மாதிரி, கேட்டார்கள்.

போன வாரம் அவர் மனைவி கண்ணாத்தாள் பள்ளிக்கே வந்துவிட்டார். இரண்டு மேசைக்கும் நடுவில் நின்றார்.

"பேசாம கெடந்த ஒங்க ரெண்டு பேரையும் ஒரு பெஞ்சுல ஒக்கார வச்சதே எம் புருசந்தான். அந்தப் புண்ணியத்துக்காச்சும் ஆளுக்கொரு கையெழுத்துப் போடுங்கய்யா! துரோகின்னு பேரோட அவுக வீட்டுக்கு வரணுமா?"

ஒருவர் சன்னலைப் பார்த்தார். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். ஆண்டிச்சாமி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"வா கண்ணாத்தா, போவம். இவுகளுக்கு இப்பப் பயம் ஒண்ணுமில்ல."

ஐயா! முப்பத்தோராண்டு பணி முடித்துச் செல்லும் தாங்கள் நோயின்றி நெடுநாள் வாழ வேண்டும். இதைச் சொல்ல எங்களுக்கு வாய் கூசுகிறது, இருந்தாலும் சொல்கிறோம். சொன்னபடி பொய் எழுதவில்லை. தாங்கள் நடத்திய பாடத்தை நாங்கள்தான் நடந்து காட்டினோம். அந்த மறுநாளைக்கு வேண்டிய மூளை எங்களிடம் இல்லாமல் போயிற்று.

இம்மடலின் அடியில் மேல் கீழ் என்றில்லாமல், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேருக்கு இடம் விட்டிருந்தோம். நேற்று மாலை வரை காத்திருந்தோம். இன்று காலை மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டாயிற்று.

இங்ஙனம்,
அன்று தலையாட்டிய பதினேழு பேர்
புதுக்கோட்டை, 1966

(தலைமையாசிரியர்) ..............　　　　(தமிழாசிரியர்) ..............