காய்ச்சாத பால்

பால் கறக்கிற மெஷினைக் கழுவுவது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை, நர்ஸ் அக்கா. வெந்நீர், சோடாத்தூள், குழாய்க்குள் விட்டு இழுக்க ஒரு நீளப் பிரஷ். மாட்டின் காம்பில் மாட்டுகிற கப்புகளுக்கு உள்ளே ரப்பர் இருக்கும். அதைக் கழற்றித் தேய்த்துக் காயப்போட வேண்டும், அவ்வளவுதான். மெஷின் விற்க வந்த ஆள் எனக்குத்தான் சொல்லிக்கொடுத்தான். முதலாளி துரைக்கண்ணுவுக்கு அதைக் கேட்க நேரமில்லை. மாலையோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்.

அவர் கட்சியில் கிளைச் செயலாளர். உழுகிறவனுக்கே நிலம் என்று மேடையில் தொண்டை கிழியப் பேசுவார். எங்கள் அப்பா முருகையன் குத்தகைக்கு உழுத மடத்து நிலத்தை, ஆற்றில் தண்ணீர் வராமல் அப்பா நடவு போடாத வருஷம் பார்த்துத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். அதில்தான் இந்த மாட்டுக்கொட்டகை. இப்போது அப்பா அதே நிலத்தில் அவருடைய மாடுகளுக்குப் புல் அறுக்கிறார்.

"முருகையா, ஒம் மவளுக்கும் வேலை போட்டுக் குடுத்துட்டேன்யா. கட்சின்னா சும்மாவா?"

அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக நான் இரண்டு பேரையுமே மன்னிக்கவில்லை.

கறப்பதும் கழுவுவதும் என் வேலை. வெந்நீர் போட விறகு கேட்டேன்.

"மெஷின் என்ன புள்ளையா பெத்திருக்கு, வெந்நீர் ஊத்த? பச்சத்தண்ணில அலசு, போதும்" என்றார்.

அலசினேன். பிறகு அலசுவதையும் விட்டேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண் என்று ஊரில் எனக்கு நல்ல பேர்.

ரப்பருக்குள் வெள்ளையாகப் பிசுக்குப் பிடித்தது. ஒரு ஜெர்சி மாட்டுக்கு மடி வீங்கி, பால் திரிதிரியாக வந்தது. நோய் மாட்டைக் கடைசியில்தான் கறக்க வேண்டும், இல்லாவிட்டால் அதே கப்பில் எல்லா மாட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். எனக்குத் தெரியும். அதனால்தான் அதை முதலில் கறந்தேன். பால் சொசைட்டியில் பாலைத் திருப்பி அனுப்ப வேண்டும், கரைவேட்டிக்காரர் ஊர் பார்க்கக் கேனோடு நிற்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். மனுஷருக்கு என்ன ஆகிவிடும்? பாலை யார் காய்ச்சாமல் குடிக்கிறார்கள்?

அப்போது அவர் மகள் எழிலரசிக்கு மஞ்சள்காமாலை வந்தது. பத்தாவது வரை என்னோடு படித்தவள். மகளுக்கு என்றதும் அவருடைய பகுத்தறிவு வாசலோடு நின்றுவிட்டது. வேப்பிலை அடிக்க ஆள் வந்தான். எழிலரசியின் அம்மா அகிலாண்டம் என்னைக் கூப்பிட்டார்.

"வரப்புல கீழாநெல்லி கெடந்தா பறிச்சாந்து, பால்ல அரைச்சு வெறும் வயித்துல குடு பாப்பா. பாலைக் காய்ச்சிப்புடாத, மருந்து முறிஞ்சிரும்."

பறித்தேன். மைபோல அரைத்தேன். வீட்டுக் கொல்லையில் கையால் கறக்கிற நாட்டு மாடு ஒன்று நின்றது. மெஷின் பால் பக்கத்தில் இருந்தது.

எழிலரசி மோந்து பார்த்தாள். "என்னடி, இப்படி நாறுது?"

"மருந்து பின்ன மல்லிகைப்பூவாட்டம் மணக்குமா? மூக்கப் புடிச்சிக்கிட்டு குடி."

"நீ குடுக்கறேன்னு குடிக்கிறேன். எங்கம்மான்னா மூஞ்சிலயே துப்பியிருப்பேன்."

சிரித்துக்கொண்டே குடித்தாள். மறுநாளும் கொடுத்தேன்.

வாந்தியும் பேதியுமாக அவளைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு, இங்கே கொண்டுவந்தபோது, நாட்டு மருந்து கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். அகிலாண்டம் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தார். திட்டு விழும் என்ற பயம். நீங்கள் என்னையும் கேட்டீர்கள். பெரியவர்கள் சொன்னதற்கு மாற்றிப் பேசுவது மரியாதை இல்லை, பேசாமல் இருந்தேன்.

இந்த ராத்திரி தாண்டாது என்று டாக்டர் துரைக்கண்ணுவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருக்கிறார். மேடையில்கூட அவ்வளவு சத்தம் வந்ததில்லை. அப்பாவைப் போலீஸ் கூட்டிப்போகுமா?

மாடு என்னுடையது இல்லை. மெஷினும் இல்லை. வைத்தியம் அவள் அம்மா சொன்னது. நான் அரைத்தேன், கலந்தேன், டம்ளரை நீட்டினேன். வாயைத் திறந்து குடித்தது அவள்தானே, அக்கா.