சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும்

மேடையில் அமர்ந்திருக்கும் பட்டறைச் சங்கத் தலைவர் அவர்களே! செயலாளர் அவர்களே! முன்வரிசையில் இருக்கும் என் தங்கச்சியே, அவள் பெற்ற மகளே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் மெக்கானிக்குகளே, டிங்கர்களே, பெயிண்டர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் என்று செயலாளர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஐந்து நிமிடத்தில் துருப்பிடித்த ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற முடியாது. முப்பத்தொரு வருடம் கூட நின்று வேலை செய்த ஒருவனைப் பற்றி எப்படிப் பேசி முடிப்பது? சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறேன். என்னை இறக்கியே ஆக வேண்டும் என்றால் ஜாக்கி கொண்டுவாருங்கள்!

நாம் இழந்தது யாரை? புஷ் மாஸ்டரை! உங்களுக்கெல்லாம் அவர் மாஸ்டர். எனக்குக் கூடப் பிறக்காத தம்பி; அவன் மனைவி எனக்குத் தங்கச்சி. என்னைவிட ஐந்து வயது சின்னவன். ஆகவே அவன், இவன் என்றுதான் பேசுவேன். மேடைக்காக மாற்றிக்கொள்ள மாட்டேன். பட்டறை அவனுடையது, வாய் என்னுடையது. அப்படித்தான் நாங்கள் பிழைத்தோம்.

புஷ் என்றால் என்ன? மெக்கானிக்குகளுக்குத் தெரியும். வந்திருக்கும் குடும்பத்தாருக்காகச் சொல்கிறேன். எலும்பும் எலும்பும் சேரும் இடத்தில் ஜவ்வு இருக்கிறதல்லவா? அதுபோலக் காரின் அடியில் இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் உருளை இருக்கும். கட்டைவிரல் உயரம்தான். கார் வாங்குகிறவன் அதைப் பார்ப்பதில்லை, விற்கிறவன் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் அது தேய்ந்துவிட்டால் எவ்வளவு பெரிய காரும் ஓட்டை வண்டிதான். மேடு பள்ளத்தில் 'டொக்' என்னும். பிரேக் போட்டால் ஒரு பக்கமாக இழுக்கும். ஸ்டீயரிங் நீங்கள் சொன்னதைக் கேட்காது.

அந்தச் சின்ன ரப்பருக்குத் தன் ஆயுளையே கொடுத்தான் என் தம்பி! அடுத்தவன் ஷாக் அப்சார்பரை மாற்றிப் பார்ப்பான், டயரை மாற்றிப் பார்ப்பான். இவனோ பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடி, வேகத்தடையில் ஒரே ஒரு முறை ஏறி இறங்கச் சொல்லுவான். "இடது முன்சக்கரம், கீழ் ஆர்ம், பின்பக்க புஷ்" என்பான். கழற்றிப் பார்த்தால் அதேதான்! ஒரு தடவை தப்பியிருக்கிறதா? நானும் முப்பத்தொரு வருடமாகக் காத்திருந்தேன், ஒரு தடவையாவது தப்பாதா என்று.

இரும்பு உறை போட்ட புஷ்ஷைக் குளிரில் வைத்தால் கொஞ்சம் சுருங்கும், உள்ளே அழுத்தச் சுலபம். பட்டறையில் ஃப்ரிட்ஜ் ஏது? வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவான். என் தங்கச்சி ஒரு நாள் ஃபோனில் கத்தியது எனக்கே கேட்டது. "வந்தவங்களுக்கு ஐஸ் எடுக்கப் போனா கையில ரப்பர் வருதுங்க!" இவன் என்ன சொன்னான் தெரியுமா? "அதை வெளியே வச்சிடாதே, சூடாயிடும். விருந்தாளிக்கு வெந்நீர் குடு."

சிரியுங்கள்! அவனுக்காகச் சிரிக்கலாம், தப்பில்லை.

இப்போது, தலைவர் அவர்களே, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பலகைக்கு வருகிறேன். 'நம்பிக்கைக்குரிய பட்டறைகள்' என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொரு பெயரும் ஒரு தகரப் பட்டை. ஏழாவது வரியில் என்ன இருக்கிறது? இரண்டு ஸ்க்ரூ ஓட்டை! ஆறு வருடமாக ஓட்டை! அங்கே இருந்தது என் தம்பியின் பெயர்.

அது ஏன் கழற்றப்பட்டது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். பல் டாக்டரம்மாவின் பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், நாய்க்குட்டி மாதிரித் தரையோடு தரையாக இருக்கும். அதற்கு நாங்கள்தான் புஷ் மாற்றினோம். நான்கே மாதத்தில் முன்பக்க புஷ் கிழிந்தது. டாக்டரம்மா பிரேக் போட்டார், கார் இழுத்துக்கொண்டு போய் மதிலில் மோதியது. அவருடைய வலது மணிக்கட்டு உடைந்தது. பல் பிடுங்கும் கை! மூன்று மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சங்கம் விசாரணை வைத்தது. இதே கூடம், இதே மேசை. "மட்டமான புஷ் போட்டீங்களா?" என்று கேட்டார்கள். தம்பி எழுந்து நின்றான். "என் பட்டறையில நடந்த வேலை. தப்பு என்னோடது" என்றான். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான். பட்டையைக் கழற்றினார்கள்.

நான் விட்டேனா? பதினொரு மனு எழுதினேன்! ரப்பர் செய்தவன் மேல் தப்பு என்று எழுதினேன். சாலை மேல் தப்பு என்று எழுதினேன். நான்காவது மனுவில், செயலாளருக்கு ரப்பருக்கும் ரொட்டிக்கும் வித்தியாசம் தெரியாது என்றுகூட எழுதினேன். ஒன்றுக்காவது பதில் வந்ததா? வரவில்லை! அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. அது வேறு விஷயம்.

எட்டு மாதத்துக்கு முன்னால் டாக்டரம்மா பட்டறை வாசலில் வந்து நின்றார். கார் அதுவரை அவர் வீட்டில் உறை போட்டுக் கிடந்தது. பழைய இரும்புக்குப் போடச் சொல்லி ஊரே சொன்னது. அவர் தம்பியிடம் சொன்னார்: "கையை உடைச்ச கடைக்கே ஏன் வந்தேன்னு பாக்குறீங்களா? என் வாழ்க்கையில தப்பை ஒத்துக்கிட்ட ஒரே மெக்கானிக் நீங்கதான். இந்தக் கார் மறுபடி ரோட்டுல ஓடத் தகுதிச் சோதனையில தேறணும். தேறலைன்னா நானே இழுத்துட்டுப் போய் உடைக்கக் குடுத்துடறேன்."

முப்பத்தெட்டு வயதுக் கார். முன்னும் பின்னுமாக இருபத்திரண்டு புஷ். பழையதையெல்லாம் அறுத்து எடுத்தோம். புதியதைச் சோப்புத் தண்ணீர் தடவி உள்ளே அழுத்தினான். கிரீஸ் தொட விடமாட்டான், கிரீஸ் ரப்பரைத் தின்னும். கெட்டிப் பிளாஸ்டிக்கில் இப்போது புஷ் வருகிறதே, அது நீண்ட நாள் உழைக்குமே என்று யாரோ கேட்டார்கள். "அது குலுக்கும். டாக்டரம்மா மத்தவங்க பல்லைப் பாக்குறவங்க. அவங்க பல்லு ஆடக் கூடாது" என்றான்.

இருபத்திரண்டும் ஏறிவிட்டன. போல்ட்டுகளை இறுக்கும் கடைசி முறுக்கு மட்டும் பாக்கி. போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை, செருப்பை மாட்டக் குனிந்தவன் நிமிரவில்லை.

பத்து நாள் கழித்துப் பட்டறையைத் திறந்தேன். கார் லிப்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. லிப்ட் தூணில் சாக்பீஸில் அவன் கையெழுத்து: 'இறக்கி முறுக்கு.' ஆறு வருடமாக ஒவ்வொரு வண்டிக்கும் அப்படி எழுதுவான். எனக்கு எரிச்சலாக வரும். "யாருக்குடா இந்தப் பாடம்?" என்பேன். "எனக்குத்தான்ணே. வயசாச்சு, மறந்துபோகுது" என்பான்.

முறுக்கின் அளவு காட்டும் டார்க் ரெஞ்ச்சை எடுக்க அதன் பெட்டியைத் திறந்தேன். உள்ளே துணியில் சுற்றி ஒரு புஷ். மதிலில் மோதிய அன்றைய புஷ்! கிழிசல் நேராக இல்லை. சுற்றிச் சுற்றிப் போயிருந்தது, பிழிந்த துணி மாதிரி.

நண்பர்களே! இனி நான் சொல்லப்போவதை எந்த மனுவிலும் எழுதவில்லை.

காரை லிப்ட்டில் தூக்கினால் சக்கரம் கீழே தொங்கும். தொங்கும்போதே போல்ட்டை இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். பிறகு காரை இறக்கினால் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். ராத்திரி பகல், நின்றாலும் ஓடினாலும், முறுக்கிய முறுக்கிலேயே இருக்கும். எத்தனை நாள் தாங்கும்? அதனால்தான் சக்கரம் தரையில் நிற்கும்போது, காரின் முழுப் பாரமும் அதன் மேல் இருக்கும்போது, பட்டறைத் தரையில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் இறங்கி, அடியிலிருந்து முறுக்க வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தக் கடைசி முறுக்கைப் போட்டவன் யார்? தம்பியா? இல்லை! அன்றைக்கு என் தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன். அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான். பள்ளத்தில் மழைத் தண்ணீர். நான் இந்த வேலையைப் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் அல்ல; கையே புத்தகம் என்று திமிராக இருந்தவன். போல்ட்டை எங்கே வைத்து முறுக்கினால் என்ன என்று, தொங்க விட்டே முறுக்கினேன். நான்! நான்தான்!

தெரியாமல் செய்தாயா என்று கேட்பீர்கள். தெரியாது என்றால் அது பாதிப் பொய். விசாரணை அன்றே எனக்குச் சந்தேகம் வந்தது. அதை மனு எழுதி எழுதி மூடினேன்.

துணியோடு அந்தப் புஷ்ஷை எடுத்துக்கொண்டு தங்கச்சியிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை. "தெரியும்ணே. அன்னிக்கே சொன்னாரு" என்றாள்.

"என்னம்மா சொன்னான்?"

"அண்ணன்கிட்ட சொன்னா மனசுல ஏத்திக்குவாரு. அப்புறம் ஸ்பானரையே தொடமாட்டாரு. நான் தூணுல எழுதிவச்சுக்கறேன்னாரு."

எப்படிப்பட்ட மனிதன் பாருங்கள்! தன் பெயரைக் கழற்றக் கொடுத்துவிட்டு என் கையைக் காப்பாற்றினான்!

எழுபத்தொரு வயதில், பிடிக்கிற முழங்காலோடு பள்ளத்தில் இறங்கினேன். காரை அவன் சொன்னபடியே தரையில் நிறுத்தினேன். ஓட்டுகிறவர் சீட்டில் அவர் எடைக்கு மணல் மூட்டை வைக்க வேண்டும். அதற்காகத் தம்பி முன்பே டாக்டரம்மாவிடம் எடை கேட்டிருந்தான். "காரைச் சரிபண்ணச் சொன்னா என் எடையை எதுக்குக் கேக்குறீங்க?" என்று அவருக்குக் கோபம். ஏதோ ஒரு எண்ணைச் சொன்னார். அவன் கட்டி வைத்திருந்த மூட்டையை எடை போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னதைவிட நான்கு கிலோ கூட வைத்திருந்தான்! டாக்டரம்மா, மூன்றாம் வரிசையில் இருந்து முறைக்காதீர்கள். இன்று காலை சக்கரம் நேராக நிற்கிறதா என்று அளந்து பார்த்த மெக்கானிக் அவன் மகள்தான், அவளைக் கேளுங்கள். நூல் பிடித்த மாதிரி இருக்கிறது. அந்த நான்கு கிலோவும் சரிதான்!

ஆம், இன்று காலை! சோதனை நிலையத்தில் அதிகாரி நீண்ட கம்பியை எடுத்துக்கொண்டு அடியில் போனார். ஒவ்வொரு புஷ்ஷாக நெம்பினார். இருபத்திரண்டு முறை! ஒன்றாவது ஆடியதா? வெளியே வந்தார். "இது நிஜமாவே முப்பத்தெட்டு வருஷக் காரா? யார் செஞ்ச வேலை?" என்றார். டாக்டரம்மா காரை எடுத்தார், வேகமாகப் போனார், ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் லேசாகத் தூக்கிக்கொண்டு பிரேக்கை மிதித்தார். கார் நேராக நின்றது. கோடு போட்ட மாதிரி நேராக! அதிகாரி முத்திரை குத்தினார். தேறிவிட்டது! என் தம்பி தேறிவிட்டான்!

தலைவர் அவர்களே, பன்னிரண்டாவது மனுவை வாயால் தருகிறேன். தகரப் பட்டையைத் தங்கச்சி பத்திரமாக வைத்திருந்தாள், இதோ. ஸ்க்ரூ டிரைவர் என் சட்டைப்பையில் இருக்கிறது, இதோ. ஏழாவது வரியில் அவன் பெயர் ஏற வேண்டும். யாரையாவது எழுதி வைத்துக் கண்டிக்க வேண்டுமென்றால் என்னைக் கண்டியுங்கள். நீங்கள் பதில் சொல்லாமல் நான் இந்த மைக்கை விடப்போவதில்லை.

தலையசைத்துவிட்டார்! எல்லோரும் பார்த்தீர்களா? செயலாளரே, நீங்களும் பார்த்தீர்கள்தானே? நன்றி, தலைவரே. முதல் முறையாக உங்களுக்கு நன்றி சொல்கிறேன்.

டாக்டரம்மா, மேடைக்கு வாருங்கள். இதை நீங்கள் மாட்டுங்கள். அந்த வலது கையாலேயே முறுக்குங்கள்.

தம்பி, நாளைக் காலை உன் மகளும் நானும் பட்டறையைத் திறக்கிறோம். தூணில் உன் எழுத்து அழிந்தால் அதன் மேலேயே நான் எழுதுவேன். பள்ளத்தில் இறங்க என் முழங்கால் மறுத்தால், உட்கார்ந்தபடி நழுவியாவது இறங்குவேன். தொங்கும் சக்கரத்தில் இனி ஒரு போல்ட்டையும் இறுக்க மாட்டேன்.

அடுத்து இரண்டு நிமிட மௌனம் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. இங்கே நின்று தலையைக் குனிய வேண்டாம். எல்லோரும் வாசலுக்கு வாருங்கள். டாக்டரம்மா பட்டையை மாட்டி முடித்ததும் காரை எடுப்பார். தெருமுனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. கண்ணை மூடிக்கொள்ளுங்கள், அவன் மூடிக்கொள்வானே, அப்படி. கார் அதில் ஏறி இறங்கும். காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

ஒரு சத்தமும் வராது.