கொடி எழுத்தில் ஒரு ஸ

பழனி: உக்காருங்க பாய். நாற்காலியில மை இருக்கு, பாத்து.

நவுஷாத்: உக்கார வரல. இப்படியே போனேன்... உன் மிஷின் சத்தமே காணோம்னு எட்டிப் பாத்தேன்.

பழனி: உங்க பிரஸ் வரைக்கும் கேக்குதா?

நவுஷாத்: கேக்காம? கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவங்க என் கடையத் தாண்டி இங்க வர்ற செருப்புச் சத்தம் கூட கேக்குது.

பழனி: மெட்ராஸ்லேர்ந்து பூங்கொடி மாதிரி வளையுற புது அச்சு, கொடி எழுத்து எறக்குனேன் இல்ல... அதான்.

நவுஷாத்: கொடியாம் கொடி! சேமியாவக் கொட்டி வச்சாப்ல இருக்கு. ஜனங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு.

பழனி: போன வாரம் அரைமணி நேரம் தடவித் தடவிப் பாத்தீங்களே?

நவுஷாத்: ஈயம் எவ்ளோ கனம்னு பாத்தேன்... அத்த விடு. மிஷின் ஏன் நிக்குது?

பழனி: ஒரு எழுத்து காணோம். ஸ. அதிகமா வராதேன்னு ஒண்ணே ஒண்ணுதான் வாங்குனேன்.

நவுஷாத்: அடடா... எலி தூக்கிக்கினு போயிருக்கும்.

பழனி: எலிக்கு ஈயம் இன்னாத்துக்கு பாய்?

நவுஷாத்: அப்ப மெட்ராசுக்கு எழுதிப் போடு.

பழனி: எப்படி வரும்? எடஒதுக்கீடு கேட்டு மறியல். உளுந்தூர்பேட்டை ரோடு பூரா புளியமரம் வெட்டிக் கெடக்குது. கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸே ஓடல.

நவுஷாத்: என் சாதா எழுத்துல ஒண்ணு தரேன், சொருகிக்க.

பழனி: ஐயோ வேணாம்! கல்யாணப் பொண்ணு அழுதுடும்.

நவுஷாத்: ஒரு எழுத்துக்கா? எந்த வூட்டு மகாராணி அது?

பழனி: சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கு. வூட்ல பத்திரிகைக்கு மாதிரி அட்டை ஒண்ணு அடிச்சாச்சாம். அது புடிக்காம, தோழிங்களுக்குன்னு தனியா அம்பது கேக்குது... ரகசியமா.

நவுஷாத்: ஹாஹா! எவன் அடிச்ச அட்டை?

பழனி: அவங்க அத்தாவே அடிச்சது.

நவுஷாத்: கள்ளக்குறிச்சியில பிரஸ் வச்சிருக்கிற அத்தா... நான் ஒருத்தன்தானே.

பழனி: பாயிஸாவத் திட்டாதீங்க. அத்தா மனசு நோவும்னுதான் சத்தியம் வாங்குச்சு.

நவுஷாத்: என் பொண்ணு... உன் சேமியாவுக்கு வந்து நின்னுதா! என் அட்டைக்கு இன்னாய்யா கொறச்சல்?

பழனி: கொறச்சல் இல்ல. ஒண்ணு ஜாஸ்தி. அந்த அட்டைய என்கிட்ட காட்டுச்சு. பாயிஸான்ற பேர்ல எல்லாம் உங்க சாதா எழுத்து... ஸ மட்டும் கொடி வுட்டுக்கினு நிக்குது.

நவுஷாத்: தெரிஞ்சிக்கினேதான் என் எலி கதையக் கேட்டுக்கினு இருந்தியா?

பழனி: நீங்களா எடுத்து வைப்பீங்கன்னு பாத்தேன் பாய்.

நவுஷாத்: வைக்கத்தான்யா வந்தேன். சட்டைப் பாக்கெட்டுல நாலு நாளா குத்திக்கினே இருக்கு. பொண்ணு பேர்ல ஒரு எழுத்தாச்சும் அழகா இருக்கட்டும்னுதான் எடுத்தேன்... இந்தா, புடி. அம்பது பத்தாது, ஐந்நூறா அடிச்சிடு. ஆனா அட்டைக்கு அடியில என் பிரஸ் பேரு போடு. அதுவும்... கொடி எழுத்துலயே போடு.