பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி

இரவு பன்னிரண்டே முக்கால். ஆம்புலன்ஸ் ஊரைத் தாண்டிக் காட்டுச் சாலையில் ஏறியது. அங்கிருந்து எண்பது கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. மழை வேறு... விட்டு விட்டு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது எனக்கு நடந்ததில்லை. என் நண்பனின் சித்திக்கு நடந்தது. சித்தி பொய்யே சொல்லத் தெரியாதவர் என்றெல்லாம் அளக்க மாட்டேன். வாழ்க்கையில் ஒரே ஒரு பெரிய பொய் சொன்னார். அதையும் வாயால் சொல்லவில்லை, பேனாவால் சொன்னார். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

சித்தி பச்சிளங்குழந்தை வார்டில் நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒற்றை அறை வீடு, ஒரு தட்டு, ஒரு டம்ளர். விரும்பிக் கேட்டு நைட் டியூட்டி வாங்கிக்கொள்வார். தனியாகப் படுத்து உத்தரத்தைப் பார்ப்பதற்கு வார்டில் விழித்திருப்பது எவ்வளவோ மேல் என்பார். துணைக்கு ஆளில்லை என்று ஒருநாளும் புலம்பியதில்லை. ஆனால் நண்பன் போன் செய்தால் லேசில் வைக்க விடமாட்டார்.

அன்றைக்கு வண்டியின் பின்பக்கம் அவரும் ஒரு கண்ணாடிப் பெட்டியும் மட்டும். பெட்டிக்குள் பிறந்து எட்டு மணி நேரமான ஆண் குழந்தை.

அந்தக் குழந்தைக்கு உணவுக்குழாய் வயிறுவரை போகவில்லை. நெஞ்சுக்கு மேலேயே ஒரு பை மாதிரி மூடிக்கொண்டு நின்றுவிட்டது. சில குழந்தைகள் அப்படிப் பிறக்கின்றன. பால் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது. பால் இருக்கட்டும், அதன் சொந்த எச்சிலையே அதனால் விழுங்க முடியாது. எச்சில் அந்தப் பையில் தேங்கும். நிரம்பினால் மூச்சுக்குழலுக்குள் வழியும். அப்புறம் நுரையீரல்... அவ்வளவுதான். இந்தக் குறையோடு எலும்பிலும் ஏதாவது சேர்ந்து வருவதுண்டு. இவனுக்கு இரண்டு பாதமும் உள்பக்கமாக மடங்கியிருந்தன. அது பெரிய விஷயமில்லை. வாராவாரம் மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் போட்டால் பாதம் நேராகிவிடும். உணவுக்குழாயையும் ஆபரேஷன் செய்து இணைத்துவிடலாம். ஆனால் அதைச் செய்யும் ஆஸ்பத்திரி நான்கு மணி நேரத் தொலைவில் இருந்தது. அதுவரை அவன் உயிரோடு போய்ச் சேர வேண்டும்.

அதற்கு ஒரே வழிதான். தலைப்பக்கம் உயர்த்திப் படுக்கவைத்து, வாய் வழியாக இறக்கிய மெல்லிய குழாயில் சிரிஞ்சை மாட்டிப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எச்சிலை உறிஞ்சி எடுக்க வேண்டும். அந்த வண்டியில் இருந்த மெஷின் புறப்படும்போதே மண்டையைப் போட்டுவிட்டது. கைதான். ஒவ்வொரு முறையும் சார்ட்டில் எழுத வேண்டும்: நேரம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, எத்தனை மில்லி.

சித்திக்கு ஒரு பழக்கம். குழந்தையின் தொண்டையில் களக்... களக்... என்று கேட்கும் சத்தம் அறவே நின்ற பிறகு, எழுதிய எண்ணுக்குக் கீழே ஒரு சின்னப் புள்ளி வைப்பார். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்த ஆஸ்பத்திரியில் வேறு யாரும் வைப்பதுமில்லை.

குழந்தையின் தாய் பிரசவ ஆஸ்பத்திரியிலேயே தையலோடு படுத்திருந்தாள். தகப்பன் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். வண்டி ஏறும்போது சித்தியிடம் ஒன்றுதான் சொன்னான்.

"மூணாவது சிஸ்டர். முதல் ரெண்டும் தங்கல. இதையாவது கொண்டுபோய்ச் சேத்துடுங்க."

டிரைவருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். சுவரோடுகூடப் பேசிக்கொண்டிருக்கும் ஆள். அன்றைக்கு அந்தப் பேச்சு கேட்டிருந்தால் சித்திக்கு எவ்வளவோ தெம்பாக இருந்திருக்கும். ஆனால் நடுவில் கனமான கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் வாய் அசைவதுதான் தெரிந்தது.

சித்திக்கு அது தொடர்ந்து மூன்றாவது ராத்திரி டியூட்டி. அதே சாலை. அதே மழை. அவர் பயந்தது அதற்காகத்தான்.

ஏழு வருடத்துக்கு முன்னால் இதே சாலையில் இதே மாதிரி ஒரு குழந்தையைக் கொண்டுபோனார். பெண் குழந்தை. அதே உணவுக்குழாய்க் குறை. எலும்பில் மட்டும் வேறு மாதிரி... வலது முன்கையில் ஒரு எலும்பு குட்டை, அந்தக் கையில் கட்டைவிரல் இல்லை. நான்கே விரல். அதைக்கூடச் சரிசெய்யலாம், சுட்டுவிரலைத் திருப்பிக் கட்டைவிரலாக்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அந்தக் குழந்தை நான்கு விரலால் சித்தியின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டே வந்தது.

அன்று இரண்டு மணிக்குச் சித்திக்குக் கண் சொக்கியது. வண்டி ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் எழுதுவது பெரும்பாடு. எப்படியும் செய்யத்தானே போகிறோம் என்று அடுத்த மூன்று வரியை முன்கூட்டியே எழுதிவைத்தார். இரண்டு பத்து. இரண்டு இருபது. இரண்டு முப்பது. புள்ளி உட்பட. எழுதிய நிம்மதியில் தலையைச் சாய்த்தார்.

விழித்தபோது இரண்டே முக்கால். குழந்தை நீலம் பாரித்திருந்தது.

யாரும் சித்தியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சார்ட் சுத்தமாக இருந்ததே. "நீங்க என்ன சிஸ்டர் பண்ணுவீங்க, இந்த மாதிரிக் குழந்தைங்க சிலது இப்படித்தான்" என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். சித்தி தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் ஏழு வருடமாக அவர் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

இப்போது இந்த ராத்திரிக்கு வருவோம்.

இரண்டு மணி. சித்தி சிரிஞ்சை இழுத்தார். ச்சுக். மூன்று மில்லி. களக் சத்தம் நின்றது. எழுதினார், புள்ளி வைத்தார். பேனா முனை அடுத்த வரிக்குத் தானாக இறங்கியது... நேரத்தை மட்டும் எழுதிவைத்தால் என்ன? பேனாவைச் சட்டைப்பையில் செருகி, கைகளைக் கட்டிக்கொண்டார். எழுதமாட்டேன். தூங்கமாட்டேன். கண்ணை அகலத் திறந்துவைத்து, தடுப்பு வழியாக அதிர்ந்து வந்த வைப்பர் சத்தத்தை எண்ண ஆரம்பித்தார். டக். டக். டக்...

எண்ணிக்கொண்டேதான் இருந்தார். நடுவில் ச்சுக் என்று சிரிஞ்ச் சத்தம் கேட்டது. தான்தான் இழுக்கிறோம் என்று நினைத்தார். களக் அடங்கியது. அப்புறம் வைப்பர். அப்புறம் மறுபடி ச்சுக்...

வாசனைதான் எழுப்பியது. ஸ்பிரிட் வாசனை இல்லை, மருந்து வாசனை இல்லை. பென்சில் சீவினால் வருமே, அந்த மர வாசனை. ரப்பரும் புத்தகப் பையும் கலந்த பள்ளிக்கூட வாசனை.

கடிகாரம் இரண்டு முப்பத்தாறு.

கைகள் இன்னும் கட்டியபடியே இருந்தன. அவர் அசையவே இல்லை. பெட்டியைப் பார்க்கத் தைரியமில்லாமல் முதலில் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் பார்த்தார்.

குழந்தை சிவப்பாக இருந்தது. மூச்சு சீராக ஏறி இறங்கியது. உதட்டில் நுரை இல்லை. யாரோ துடைத்துவிட்டது போல் வாயோரம்கூடக் காய்ந்திருந்தது.

வெளிக்குளிரில் பெட்டிச் சுவரின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. அந்த ஆவியில் ஒரு கை பதிந்திருந்தது. பச்சைக்குழந்தையின் கை இல்லை. பெரியவர்கள் கையும் இல்லை. ஏழு எட்டு வயதுப் பிள்ளையின் கை. விரல்களை எண்ணினார்... நான்கு. கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் ஆவி கலையாமல் அப்படியே இருந்தது.

பெட்டிக்குள் கை நுழைக்கும் சின்னக் கதவுகள் இரண்டும் மூடியே இருந்தன.

மடியில் சார்ட் கிடந்தது. இரண்டு பத்து, மூன்று மில்லி. இரண்டு இருபது, இரண்டு மில்லி. இரண்டு முப்பது, மூன்று மில்லி. பென்சிலால் எழுதியிருந்தது. இரண்டாம் வகுப்பு எழுத்து, குண்டு குண்டாக, கோட்டுக்கு வெளியே வழிந்து. அந்த வண்டியில் பென்சிலே கிடையாது. எச்சில் ஊற்றும் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு மணிக்கு அவர் குறித்த அளவைவிடச் சரியாக எட்டு மில்லி கூடியிருந்தது.

ஒவ்வொரு எண்ணுக்குக் கீழேயும்... ஒரு சின்னப் புள்ளி.

அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் சித்தி அழுதார். பயத்தில் இல்லை. அந்தப் பழக்கம் அவரிடம் மட்டும் உள்ளது. அதைக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்க வேண்டும். ஏழு வருடம், ஒவ்வொரு ராத்திரியும், அவர் தோளுக்குப் பின்னால் நின்று.

விடியற்காலை நாலரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆபரேஷன் டாக்டர் சார்ட்டைப் புரட்டினார். "ஒரு பத்து நிமிஷம்கூடத் தவறல சிஸ்டர். நெஞ்சு அவ்வளவு கிளீனா இருக்கு. ஆனா பென்சில்ல எழுதாதீங்க, அழிஞ்சிடும். வண்டி ஆட்டத்துல எழுத்தும் கோணிப்போச்சு பாருங்க."



பையன் பிழைத்தான். உணவுக்குழாயை இணைத்தார்கள். ஆறு மாவுக்கட்டு மாற்றினார்கள், பாதம் நேரானது. இப்போது அவனுக்கு இரண்டு வயது, வீட்டில் ஒரு சாமான் அவன் கைக்குத் தப்புவதில்லையாம்.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் உங்களைப் படுக்க அனுப்பியிருப்பேன்.

போன வருடம் சித்தி ஓய்வு பெற்றார். மாலை போட்டார்கள், புகழ்ந்து பேசினார்கள். அவருக்கு இருந்த ஒரே கவலை வேறு. நண்பனிடம் கேட்டிருக்கிறார்: "நான் வந்துட்டா அவ அங்க தனியா என்னடா பண்ணுவா?"

அன்று இரவு ஒரு கோடு போட்ட நோட்டையும் சீவிய பென்சிலையும் மேஜையில் வைத்துவிட்டுப் படுத்தார். காலையில் பென்சில் முனை மழுங்கியிருந்தது. நோட்டில் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறுவரை, பத்து நிமிடத்துக்கு ஒரு வரி. நேரம். பக்கத்தில் பதினான்கு, பதினைந்து, பதினான்கு என்று ஒரு எண். அது சித்தியின் மூச்சு. கீழே புள்ளி.

வேறு யாராவது என்றால் வீட்டைக் காலி செய்திருப்பார்கள். சித்தி இன்னொரு டம்ளர் வாங்கினார்.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். நண்பன் பல பக்கம் பார்த்திருக்கிறான். எழுத்து மாதத்துக்கு மாதம் திருந்திவருகிறது என்றான். எண்கள் இப்போது கோட்டுக்குள் நிற்கின்றனவாம்.

இன்று சாயங்காலம் அவன் சித்தியைப் பார்க்கப் போனான். ஆறு மணி, வெளிச்சம் இருந்தது. நோட்டு மேஜைமேல் திறந்து கிடந்தது. இன்றைய தேதி போட்ட பக்கம். காலியாகத்தானே இருக்க வேண்டும்? அதில் மூன்று வரி ஏற்கனவே எழுதியிருந்தது.

இரண்டு பத்து. இரண்டு இருபது. இரண்டு முப்பது. புள்ளி உட்பட.

அவன் நோட்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சித்தியிடம் காட்டியிருக்கிறான். சித்தி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு நோட்டை மெதுவாகத் தடவிக் கொடுத்தாராம்.

"சின்னப் புள்ளதானேடா. எத்தன ராத்திரிதான் முழிச்சிருப்பா. தூக்கம் வந்திருக்கும்... எனக்கும் வந்துதே."

அதனால்தான் அவன் இன்று நம்மோடு இல்லை. சித்தியின் கட்டில் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். பேச்சுத் துணைக்கு அரைமணிக்கு ஒருமுறை எனக்குப் போன் செய்வதாகச் சொன்னான். ஒன்றரைக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

இப்போது மணி இரண்டு ஐந்து.