கேட்டதற்கு மட்டும் பதில்

தினேஸ்வரி கார் ஓட்டினால் மடியில் மீன் குழம்புச் சட்டியை வைத்துக்கொண்டு உட்காரலாம், ஒரு சொட்டு சிந்தாது. இன்றைக்கும் அவள்தான் என்னைக் கொண்டுவந்து விட்டாள். கார் நிறுத்த இடம் தேடிக் கீழே சுற்றிக்கொண்டிருப்பாள், பாவம். ஈப்போவில் பகல் வேளையில் இடம் கிடைப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான், தர்மேந்திரன் தம்பி. புந்தோங் வீடு என் பெயரில் இருக்கிறது. ஒரே மகன் பவித்ரன் பெர்த்தில் இருக்கிறான். அவனை விட்டுவிட்டு, அவன் விவாகரத்து செய்த பெண்ணுக்கு வீட்டை உயில் எழுதி வைக்க வந்திருக்கிறேன். அதுவரை நீங்களும் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினீர்கள். ‘அவள் மறுமணம் செய்யாத வரை’ என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டபோதுதான் பேனாவைக் கீழே வைத்தீர்கள்.

“ஏன்மா அப்படி?” என்றீர்கள்.

லாயரிடம் சொல்வது வெளியே போகாது என்று டிவியில் பார்த்திருக்கிறேன். நீங்களும் ஆமாம் என்றீர்கள். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரர் ஐயாவு லோரி ஓட்டினார். நல்ல மனிதர், குடிக்க மாட்டார். முப்பத்தோரு வருடம் விடியற்காலையில் எழுந்து அவருக்குத் தேத்தண்ணி கலக்கினேன். மகன் பிறந்த பிறகு அவனுக்கு மைலோவும் சேர்ந்துகொண்டது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். மறு வருடம் மகன் குளிர்சாதன மெக்கானிக் வேலைக்குப் பெர்த்துக்குப் போனான். மூன்று வருடத்தில் அங்கேயே நிரந்தரமாக இருக்க பி.ஆர். வாங்கிவிட்டான். கெட்டிக்காரன், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

2017 டிசம்பரில் வந்தவனுக்குத் தாப்பாவில் பெண் பார்த்தோம். ராமையா, சரளா தம்பதியின் மகள் தினேஸ்வரி. அவன் பொறுப்பேற்று மனைவிக்கு விசா மனு போட வேண்டும். அதற்குக் கல்யாணச் சான்றிதழ் வேண்டும். அதனால் அந்த லீவிலேயே பதிவுத் திருமணம் செய்தோம். டிசம்பர் 11. அரசாங்க அலுவலகத்தில் கையெழுத்து, வெளியே வந்து ஆளுக்கு ஒரு கறிபாப், ஒரு சிராப் தண்ணீர். பெண் அப்பாவோடு தாப்பாவுக்குப் போனாள், பையன் பெர்த்துக்குப் போனான்.

நம்ம ஆட்களிடம் அது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பதிவு என்பது காகிதத்துக்கு. தாலி ஏறினால்தான் புருஷன் பொண்டாட்டி. ராமையாவின் அண்ணன் அப்போதுதான் இறந்திருந்ததால் ஒரு வருடம் நல்ல காரியம் செய்யக் கூடாது என்றார்கள். ஆக, கோயில் கல்யாணம் பதினான்கு மாதம் கழித்து, 2019 பிப்ரவரியில்தான் நடந்தது. செம்மோர் பக்கம் நாங்கள் முன்பு இருந்த தோட்டத்து மாரியம்மன் கோயில். ரப்பர் எல்லாம் வெட்டிச் செம்பனை வைத்துவிட்டார்கள், கோயிலை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். பந்தலில் நானூறு பேர் சாப்பிட்டார்கள். பவித்ரன் பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனான். தினேஸ்வரி என்னோடு தங்கினாள். விசா வரும் வரைக்கும் என்று பேச்சு.

பையன் போன மறுநாள் காலை. நான் அடுப்பைப் பற்ற வைக்கப் போகிறேன், அவள் எனக்கு முன்னால் அங்கே நிற்கிறாள்.

“அத்தை, நீங்க உக்காருங்க. உங்களுக்கு தேத்தண்ணியா, கோப்பியா?”

எனக்குப் பதில் தெரியவில்லை, தம்பி. ஐம்பத்தேழு வயதில் அடுப்படியில் நின்று யோசித்தேன். வீட்டுக்காரருக்குக் கலக்கியதில் மிச்சத்தைத்தான் நான் எப்போதும் குடித்திருக்கிறேன். எனக்கு எது பிடிக்கும் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. கோப்பி என்றேன். அன்றிலிருந்து கோப்பிதான்.

எனக்கு நோய் நொடி எதுவும் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு மாதிரி நினைக்கக் கூடாது. சீனி இல்லை, பிரஷர் இல்லை. நானே மார்க்கெட்டுக்குப் போவேன், நானே சமைப்பேன். அவள் இல்லாவிட்டால் விழுந்து கிடப்பேன் என்பதெல்லாம் கிடையாது. அவள் இருந்தால் நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

ஏப்ரலில் மனு போனது. படிவத்தில் ‘எந்தத் தேதியிலிருந்து கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்கிறீர்கள்’ என்று ஒரு கேள்வி இருந்ததாம். பவித்ரன் பதிவுத் தேதியையே எழுதிவிட்டான். சான்றிதழில் அந்தத் தேதிதானே இருக்கிறது. தேதி பழையதாக இருந்தால் மனு பலமாக நிற்கும் என்றும் அவனுடைய முகவர் சொல்லியிருந்தார். குழந்தை ஒன்று இருந்தால் கேள்வியே கேட்க மாட்டார்கள் என்றும் அவர் சொன்னார். பவித்ரன் ஸ்பீக்கரில் போட்டு எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கும்படி அதைச் சொன்னான். தினேஸ்வரி வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூலை கடைசியில் அவனுக்கு இரண்டு வாரம் லீவு கிடைத்தது. அது ஆடி மாதம். தலை ஆடிக்குப் புதுப்பெண் தாய் வீட்டில் இருக்க வேண்டும் என்றேன். சரளா சம்பந்தியே போனில் சிரித்தாள்.

“என்னங்க சம்பந்தி, இப்பல்லாம் யாரு ஆடி பாக்குறா? பையனே ரெண்டு வாரத்துக்குத்தான் வாரான்லா.”

“எங்க வீட்டுல பாக்குறோம்,” என்றேன்.

தினேஸ்வரி “அத்தை சொன்னா சரி” என்று பையைக் கட்டினாள். பவித்ரன் தினமும் தாப்பாவுக்குப் போய், மாமியார் வீட்டில் சோறு தின்றுவிட்டு, பொழுது சாயும் முன் என்னிடம் திரும்பி வந்தான். பதினான்கு நாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஏப்ரலில் முகவர் சொன்னதையும் ஜூலையில் நான் செய்ததையும் சேர்த்துப் பார்க்கவில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதனால் அப்படிச் சொல்லவில்லை.

செப்டம்பரில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்குப் போன் வந்தது. தினேஸ்வரி வேலைக்குப் போயிருந்தாள், கிளினிக்கில் கார்டு எடுத்துக் கொடுக்கும் வேலை. விசா அலுவலகத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர் பேசினார். நடுவில் ஒரு பெண் தமிழில் மாற்றிச் சொன்னாள். சிலோன் தமிழ், கேட்கவே அழகாக இருந்தது. மனுவில் சாட்சிக்கு என்று என் நம்பரையும் ராமையா நம்பரையும் பவித்ரன் கொடுத்திருந்தான்.

“அம்மா, 2017 டிசம்பர் பதினொண்டுக்குப் பிறகு அவை ரெண்டு பேரும் ஒரே வீட்டில இருந்தவையோ?”

இல்லை என்றேன்.

பெண் எங்கே இருந்தாள் என்று கேட்டார். அவளுடைய அப்பா வீட்டில் என்றேன். குடும்பத்தார் அப்போது அவர்களைக் கணவன் மனைவியாக நடத்தினார்களா என்று கேட்டார்.

“சேச்சே, இல்லங்க. நாங்க மானமுள்ள குடும்பம்,” என்றேன்.

அந்தச் சிலோன் பெண்ணும் தமிழச்சிதானே, பதிவுக்கும் தாலிக்கும் நடுவில் என்ன என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் சொன்னதை மட்டும்தான் மாற்றிச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் விதி. சொன்னாள். அவள் வேலையை அவள் சரியாகச் செய்தாள்.

கடைசியாக உங்கள் மகன் வந்தபோது இருவரும் உங்கள் வீட்டில் ஒன்றாகத் தங்கினார்களா என்று கேட்டார். இல்லை, பெண் தாய் வீட்டில் இருந்தாள் என்றேன். எத்தனை நாள் என்றார். பதினான்கு நாளும் என்றேன்.

முடிக்கும்போது, நீங்களாக வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். மரியாதையான மனிதர். இல்லை என்றேன். அந்த நேரத்தில் எனக்கு எதுவும் சொல்ல விருப்பம் இல்லை. ஆக அதுவும் உண்மைதான்.

அக்டோபரில் மனு தள்ளுபடி ஆனது. கடிதத்தில், குடும்பத்தார் சொன்னதற்கும் படிவத்துக்கும் பொருத்தம் இல்லை, இது உண்மையான தாம்பத்தியம் என்று நம்ப முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். கல்யாணம் முடிந்து பதினான்கு மாதம் கழித்து எதற்கு இன்னொரு கல்யாணம் என்று அவர்களுக்குச் சந்தேகம். நானூறு பேர் சாப்பிட்ட படங்கள் எல்லாம் விசாவுக்காக எடுத்த படங்கள் ஆகிவிட்டன.

பவித்ரன் அன்றைக்கே போன் போட்டான். “யாரும்மா இப்படிச் சொன்னது? உங்களுக்குப் போன் வந்துச்சா?”

“எனக்கு இங்கிலீஷ் எங்கடா வரும்? உங்க மாமாவுக்கும் போன் பண்ணியிருப்பாங்கல்ல, கேட்டுப் பாரு,” என்றேன்.

கேட்டான். ராமையாவுக்கும் வந்திருக்கிறது. வெளிநாட்டு நம்பராக இருந்ததால் அவர் பயந்துவிட்டார். “ஏமாத்துக்காரப் பயலுவன்னு நெனச்சு கட் பண்ணிட்டேன் மாப்ள, சத்தியமா ஒன்னும் பேசலை,” என்றாராம். யார் நம்புவார்கள்? உளறிவிட்டு மறைக்கிறார் என்று மாப்பிள்ளை நினைத்தான். மகளும் அப்படியே நினைத்தாள். என் முன்னால்தான் அப்பாவுக்குப் போன் போட்டாள். “நீங்க ஒரு வார்த்த ஒழுங்கா பேசியிருந்தா போதும்பா,” என்றாள். அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. நான் அவளை வற்புறுத்தவில்லை, அப்பா மகள் விஷயத்தில் மூன்றாவது ஆள் நுழைவது எனக்குப் பிடிக்காது.

மறு வருடம் மீண்டும் மனு போடலாம் என்றிருந்தார்கள். கொரோனா வந்தது. அதற்கு நான் பொறுப்பு இல்லை.

நாட்டை அடைத்தார்கள். அவர்களும் அவர்கள் நாட்டை அடைத்தார்கள். உங்களுக்கெல்லாம் அது கஷ்டமான காலமாக இருந்திருக்கும். எங்கள் வீட்டில் காலையில் கோப்பி, பகலில் அவள் யூடியூப் பார்த்து ஏதாவது சுடுவாள், சாயங்காலம் என் நரைமுடிக்கு மை பூசிவிடுவாள். “அத்தை, நீங்க மட்டும் இல்லன்னா எனக்குக் கிறுக்குப் பிடிச்சு, தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விட்டிருப்பாங்க,” என்பாள். இருவரும் சிரிப்போம்.

2021 ஜூனில் ராமையா கொரோனாவில் இறந்தார். வேறு வட்டாரத்துக்குப் போக போலீஸ் அனுமதி வேண்டியிருந்தது. அனுமதிக் கடிதம் கைக்கு வந்தபோது தாப்பாவில் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசி நாட்களில் அவர், “நான் ஒன்னும் பேசலன்னு பிள்ளகிட்ட சொல்லு,” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார் என்று சரளா போனில் அழுதாள். போன் எனக்குத்தான் வந்திருந்தது. தினேஸ்வரி படுத்திருந்தாள், எழுப்பவில்லை. எழுந்த பிறகு, அம்மா பேசினாங்களா என்று கேட்டாள். பேசினாங்க, ரொம்ப அழுதாங்க என்றேன். அன்றைக்கு நான்தான் சமைத்தேன். ரசம், சோறு. ஊட்டியும் விட்டேன்.

அதற்குப் பிறகு புருஷன் பொண்டாட்டிக்குள் சண்டை. எங்கப்பாவைக் கொன்றது உன் விசாதான் என்பாள் இவள். உங்கப்பாதான் எல்லாவற்றையும் கெடுத்தார் என்பான் அவன். நான் இருவருக்கும் ஆறுதல் சொன்னேன், தனித்தனியாக. எல்லைகள் திறந்த பிறகும் அவன் வரவில்லை. 2023-இல் விவாகரத்துக் காகிதம்தான் வந்தது. அங்கே இப்போது வேறு ஒரு பெண், கையில் ஒரு குழந்தை. படம் அனுப்பினான். சுகமாக இருக்கட்டும்.

தினேஸ்வரி பெட்டியைக் கட்டினாள். எங்கே போவாய் என்று கேட்டேன். கட்டிலில் உட்கார்ந்தாள். தாப்பாவில் அம்மா முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. “அத்தை, நான் இங்கேயே இருக்கலாமா?” என்றாள். இதற்கெல்லாமா கேட்பார்கள்? பெட்டியை நானே அவிழ்த்தேன்.

உயிலுக்கு வருகிறேன். போன மாதம் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்தது. சுகுமாரன் என்ற பள்ளி ஆசிரியர், மனைவியை இழந்தவர். கிளினிக்கில் யாரோ பேசி முடித்து வைக்கப் பார்த்தார்கள். இரண்டு பேரும் ஒரு முறை கோப்பி குடிக்கவும் போயிருக்கிறார்கள். வந்து என்னிடம் எல்லாம் சொன்னாள். பல வருடத்துக்குப் பிறகு அவள் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பெரியவங்க நீங்கதான் பேசணும் என்று என் நம்பரைக் கொடுத்திருந்தாள்.

ஆசிரியரின் அக்காள் முந்தாநாள் போன் போட்டார். நாலு கேள்வி கேட்டார். குழந்தை உண்டா என்றார். இல்லை, கல்யாணமாகி நாலு வருடத்திலும் இல்லை என்றேன். ஏன் பிரிந்தார்கள் என்றார். அது உண்மையான கல்யாணமே இல்லை என்று அரசாங்கமே கடிதம் எழுதிவிட்டது, கடிதம் என்னிடம் இருக்கிறது என்றேன். தாய் தகப்பனோடு எப்படி என்றார். தகப்பன் சாகும் வரைக்கும் அவரோடு பேசவில்லை என்றேன். என்னோடு எப்படி என்றார். தங்கமான பிள்ளை என்றேன். நாலும் உண்மை. அந்த அம்மாள் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

இன்றைக்கு வரும் வழியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது கேட்டாள். “அத்தை, ஹுத்தான் மெலிந்தாங்லேருந்து போன் வந்துச்சா?”

“வந்துச்சு. மரியாதையா பேசுனாங்க,” என்றேன்.

பச்சை விழுந்தது. அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு மறுபடியும் வந்தது. அதைப் பார்த்தபோதுதான், என் காலத்துக்குப் பிறகு அவளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கவலை வந்தது. அந்த ஒரு வரியைக் கேட்டதும் அதனால்தான். உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

என்னை அப்படிப் பார்க்காதீர்கள், தம்பி. நான் யாரிடமும் ஒரு பொய் சொல்லவில்லை. அவளும் என்னிடம் கேட்டதில்லை. ஒரு நாள் நேராகக் கேட்டால் சொல்லிவிடுவேன்.

படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது, இடம் கிடைத்துவிட்டது போல. இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்ள வருகிறாள். பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை, என் முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. அதையும் அவள் கேட்டதில்லை.

இவ்வளவு நேரம் என்ன பேசினீர்கள் என்று உங்களிடம் கேட்டாலும் கேட்பாள். உயிலைப் பற்றி என்று சொல்லுங்கள். அது பொய் இல்லையே.